ஜாவெல் ஊற்றிய பாண்

நான் பாரிசுக்கு வந்த மூன்றாவது ஆண்டில், 2012இன் குளிர்காலத்தில், வடக்குப் புறநகரில் உள்ள ஒரு நடுத்தர அளவான சுப்பர்மார்க்கெட்டில் தட்டுகளை நிரப்பும் வேலை கிடைத்தது. கடையை இரவு ஒன்பது மணிக்குப் பூட்டுவார்கள். அதற்குப் பிறகு எனக்கென்று ஒப்படைக்கப்பட்டிருந்த கடைசி வேலைக்கு அங்கே 'லா காஸ்' என்று பெயர். தமிழில் உடைசல் என்று சொல்லலாம். ஆனால் நான் தள்ளிச் சென்ற வண்டியில் உடைந்த பொருள் மிகக் குறைவாகவே இருந்தது. முதல் நாள் இரவு அதில் இருந்தவை இன்றும் எனக்கு நினைவிருக்கிறது: பன்னிரண்டு நீட்டுப் பாண்கள், நான்கு நான்காக ஒட்டிய யோகட் கிண்ணங்கள், கழுவி நறுக்கிய இலைக்கறிப் பைகள், தோலுரித்த இரண்டு கோழிகள், எட்டுத் தோடம்பழங்கள் கொண்ட ஒரு வலைப்பை. அந்த எட்டில் ஒன்று மட்டும் அழுகியிருந்தது. பட்டைக்குறி முழுப் பைக்கும் ஒன்றுதான் என்பதால் மீதி ஏழையும் சேர்த்தே எறிய வேண்டும் என்றார்கள்.

ஒவ்வொன்றையும் கருவியால் வாசித்துக் கணக்கிலிருந்து கழித்த பின், வண்டியைப் பின்முற்றத்துக்குத் தள்ளிச் சென்று, பூபெல் என்று அங்கே சொல்லும் பச்சை நிறக் குப்பைத்தொட்டிக்குள் கொட்டி, அதன்மேல் அரைப் போத்தல் ஜாவெல் ஊற்றி, மூடிக்குப் பூட்டுப் போட வேண்டும். ஜாவெல் என்பது வீட்டுத் தரையையும் கழிவறையையும் சுத்தம் செய்யும் வெளிற்றுத் திரவம். பாரிசின் 15ஆம் வட்டாரத்தில் சேன் நதிக்கரையில் அதை முதலில் காய்ச்சிய சிற்றூரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. எனக்கு வேலை பழக்கிய அண்ணை சாவகச்சேரிப் பக்கத்தவர், பத்து ஆண்டுகளாக அதே கடையில் இருந்தவர். நான் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, "தம்பி, ஒண்டும் யோசியாதை. மூச்சைப் பிடிச்சுக்கொண்டு ஊத்து" என்றார். ஏன் ஊற்ற வேண்டும் என்று கேட்டேன். "எடுத்துத் திண்டிட்டு ஆருக்கும் வயித்தாலை போனால் கடைக்காரன்தானே கோட்டுக்குப் போகவேணும்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைக்கப் போய்விட்டார்.

1990க்குப் பின் வடபகுதிக்கு மண்ணெண்ணெயும் மின்கலமும் வர விடாமல் தடுக்கப்பட்டிருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் படித்தவன் நான். ஜாம் போத்தலுக்குள் சில துளி எண்ணெய் விட்டுத் திரி கொளுத்தி அந்த வெளிச்சத்தில் பாடம் படித்தோம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். அப்படி வளர்ந்தவனின் கை, சூடு ஆறி இரண்டு மணி நேரம்கூட ஆகாத பாணின்மேல் நஞ்சை ஊற்றப் பழகுவதற்குச் சில வாரங்கள் போதுமாயிருந்தன என்பதை நான் இன்றும் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். ஏழு மாதங்கள் அந்த வேலையைச் செய்தேன். அந்த ஏழு மாதங்களும் என் மனத்தில் கிடந்த கேள்வி ஒன்றுதான். அதைக் கொடுத்துவிட்டால் என்ன?

கடைக்காரர்கள் கல்நெஞ்சர்கள் என்று சொல்லி இந்தக் கேள்வியை முடித்துவிட முடியாது. எங்கள் முகாமையாளர் நல்ல மனிதர். என் மகள் பிறந்தபோது தன் சொந்தப் பணத்தில் ஒரு தொட்டில் வாங்கித் தந்தவர். அவரே ஒவ்வொரு வாரமும் ஜாவெல் போத்தல்களைப் பெட்டியோடு எடுத்து வைத்துவிட்டுப் போவார். ஒரு நல்ல மனிதரைக்கொண்டே இதைச் செய்விக்கும் ஏற்பாடு எதுவென்று தேடும்போதுதான் விடயம் விளங்கத் தொடங்கியது.

முதலில், மிஞ்சுவது தவறி நடப்பதன்று, திட்டமிட்டே நடக்கிறது. இரவு எட்டரை மணிக்கு வரும் வாடிக்கையாளருக்கும் காலை பத்து மணிக்கு வந்தவர் கண்ட அதே நிறைந்த தட்டு தெரிய வேண்டும். வெறுந்தட்டைக் கண்டவர் அடுத்த முறை வேறு கடைக்குப் போய்விடுவார் என்று தொழிலில் இருப்பவர்கள் உறுதியாக நம்புகிறார்கள். ஆகவே கடைசி மணி நேரத்திலும் பாண் சுடப்படும். அதில் பாதி விற்காது என்று சுடுகிறவருக்கே தெரியும். அடுத்தது திகதி. பிரான்ஸில் உணவுப் பொதிகளில் இரண்டு வகைத் திகதிகள் அச்சிடப்படுகின்றன. இறைச்சி, பால் பொருட்கள் போன்றவற்றுக்கு 'இந்தத் திகதிக்குள் உண்ணவும்' என்ற எல்லை. அது தாண்டினால் விற்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. அரிசி, பிஸ்கட், கோப்பி போன்றவற்றுக்கு 'இந்தத் திகதிக்கு முன் உண்பது சிறந்தது' என்ற குறிப்பு மட்டுமே. அது தாண்டினால் மணமோ மொறுமொறுப்போ குறையலாமே தவிர உண்பவருக்குத் தீங்கில்லை. எங்கள் பூபெல்லுக்குள் இரண்டும் ஒன்றாகவே விழுந்தன. முதல் வகைப் பொருட்களையும் எல்லைத் திகதிக்கு மூன்று நாள் முன்பே தட்டிலிருந்து எடுத்துவிடுவோம், வீட்டுக்குக் கொண்டுபோகிறவருக்கு அவகாசம் இருக்க வேண்டும் என்பதற்காக. அந்த மூன்று நாட்கள்தான் ஒரு பிள்ளை அந்த யோகட்டை உண்டிருக்கக்கூடிய நாட்கள்.

பணக் கணக்கைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான திகைப்பு ஏற்பட்டது. எறிவது மலிவு, கொடுப்பது செலவு, அதனால் எறிகிறார்கள் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் 2003ஆம் ஆண்டிலிருந்தே பிரான்ஸின் சட்டம், ஒரு நிறுவனம் தொண்டுச் சங்கத்துக்குக் கொடுக்கும் பொருளின் மதிப்பில் 60 விழுக்காட்டை, ஆண்டு விற்பனையை ஒட்டிய ஓர் உச்சவரம்புக்குள், அந்த நிறுவனத்தின் வரியிலிருந்து கழித்துக்கொள்ள அனுமதித்து வந்திருக்கிறது. 100 யூரோ சரக்கை எறிந்தால் அதை நட்டமாக எழுதலாம். அன்றைய கம்பனி வரி மூன்றில் ஒரு பங்கு என்பதால் 33 யூரோ மிஞ்சும். அதே சரக்கைக் கொடுத்தால் 60 யூரோ மிஞ்சும். குப்பை அள்ளும் செலவும் குறையும். அப்படியிருந்தும் 2012இல் நான் எறிந்துகொண்டிருந்தேன்.

ஏனென்றால் அந்த 60 யூரோ எங்கள் கடைக்கு வருவதில்லை. அது தலைமை அலுவலகத்தின் ஆண்டிறுதி வரிக்கணக்கில் எங்கோ ஒரு வரியில் சேர்கிறது. கொடுப்பதற்கான உழைப்போ முழுவதும் எங்கள் பின்முற்றத்தில் விழுகிறது. பொருட்களைப் பிரிக்க ஒருவர் வேண்டும். சங்கத்தின் வண்டி வரும்வரை கோழியையும் யோகட்டையும் குளிரில் வைக்கத் தனி இடம் வேண்டும். எதை எத்தனை கிலோ கொடுத்தோம் என்று எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். வண்டி வராத நாளில் எல்லாவற்றையும் மீண்டும் வெளியே எடுக்க வேண்டும். முகாமையாளரை மேலிடம் அளப்பதோ அன்றைய விற்பனையையும் ஊழியர்களின் வேலை மணிகளையும் வைத்துத்தான். எறிவதற்கு எனக்கு இருபது நிமிடம் போதும். பிரித்துக் கொடுக்க ஒரு மணி நேரமாவது ஆகும். நாற்பது நிமிடச் சம்பளத்தை அவர் தன் கணக்கில் ஏற்க வேண்டும். அதன் பலனை அவர் ஒருபோதும் காணமாட்டார். இலாபம் ஒரு கொப்பியிலும் பாடு வேறொரு கொப்பியிலும் எழுதப்படும் இடத்தில் நல்ல மனமுள்ளவரும் எறியத்தான் செய்வார் என்பது என் முடிவு. இந்த ஒன்றை விளங்கிக்கொள்ளாமல் கடைகளைத் திட்டுவதால் ஒரு பாணைக்கூடக் காப்பாற்ற முடியாது.

இதோடு அச்சமும் சேர்கிறது. அண்ணை சொன்ன வயிற்றுப்போக்கு அச்சம் அதில் ஒன்று. இன்னொன்று எங்களைப் பற்றியது: எறியும் பொருளை ஊழியர் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று விட்டால், பிடித்த பொருளை அவர்கள் தட்டின் பின்னால் ஒளித்துவைத்துத் திகதி தாண்ட விடுவார்கள் என்ற சந்தேகம். அதனால் கடை விதிமுறையில் பூபெல்லிலிருந்து எடுப்பது களவு என்றே எழுதியிருந்தது. அதற்காக வேலை இழந்த ஒருவரை எனக்குத் தெரியும். பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பர் 15ஆம் திகதி இது பற்றி ஒரு தீர்ப்புச் சொன்னது. திகதி தாண்டிய பொருட்களைக் குப்பையிலிருந்து எடுத்த ஒரு கடையின் பொறுப்பாளர் கீழ் நீதிமன்றத்தில் களவுக் குற்றவாளியாகக் காணப்பட்டிருந்தார். அழிப்பதற்காகக் குப்பையில் போட்டபோதே கடை அந்தப் பொருளைக் கைவிட்டுவிட்டது, கைவிட்ட பொருளைக் களவெடுக்க முடியாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது. அதை வாசித்த இரவு நான் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்து அரை மணி நேரம் அதைப் பற்றியே கதைத்தேன்.

உணவுக்குத் திகதி ஒரு சாக்காக இருக்கிறது. உடுப்புக்கும் கைப்பைக்கும் அதுவும் இல்லை. ஆனாலும் அவை அழிக்கப்படுகின்றன. பிரித்தானியாவின் பேர்பெரி நிறுவனம் 2017–18 நிதியாண்டில் 2 கோடியே 86 இலட்சம் பவுண் மதிப்புள்ள விற்காத பொருட்களை அழித்ததாகத் தன் ஆண்டறிக்கையிலேயே எழுதியிருந்தது. அதில் ஒரு பகுதி, உரிம ஒப்பந்தம் கைமாறியதால் தேங்கிய வாசனைத் திரவியம். 2018 ஜூலையில் செய்தி வெளிவந்து கண்டனம் எழுந்தபின், செப்டம்பரில் இனி அழிப்பதில்லை என்று அறிவித்தார்கள். இங்கே காரணம் வேலை நேரமன்று, விலை. ஆயிரம் பவுணுக்கு விற்கும் ஒரு மேலங்கியை வாங்குகிறவர் துணிக்கு மட்டும் அந்தப் பணத்தைக் கொடுப்பதில்லை. எல்லோரிடமும் அது இல்லை என்பதற்கும் சேர்த்தே கொடுக்கிறார். அதே அங்கி தொண்டுச் சங்கத்தின் வழியாகத் தெருவில் நடக்கத் தொடங்கினால், கடையின் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் அங்கியின் விலையை அது ஒவ்வொரு நாளும் பொய்யாக்கும். எரிக்கப்பட்டது விற்காத அங்கி. அதனால் காக்கப்பட்டது விற்கப்போகும் அங்கியின் விலை.

மலிவு உடுப்புக் கடைகளுக்கு இந்தக் காரணமும் பொருந்தாது. 2010 ஜனவரியில், கடுங்குளிரில், நியூயார்க்கின் 35ஆம் தெருவில் எச் அண்ட் எம் கடையின் பின்புறத்தில் போடப்பட்ட பைகளில், விரல்கள் வெட்டப்பட்ட கையுறைகளும் பஞ்சு வெளியே வரும்படி கிழிக்கப்பட்ட குளிர் மேலங்கிகளும் கிடந்ததை ஒரு பல்கலைக்கழக மாணவி கண்டார். பத்திரிகையில் செய்தி வந்தது. நிறுவனம் இனி நடக்காது என்றது. குப்பையிலிருந்து எடுத்த உடுப்பை யாராவது திரும்பக் கொண்டுவந்து பணம் கேட்பார்களோ, நடைபாதையில் பரப்பி விற்பார்களோ என்பதே வெட்டுவதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். கத்தரிக்கோலும் ஜாவெல் போத்தலும் செய்கிற வேலை ஒன்றுதான். எறிந்த பொருள் மீண்டும் ஒரு மனிதரிடம் போய்ச் சேராதபடி பார்த்துக்கொள்வது.

பெரும் களஞ்சியங்களின் கதை இன்னும் எளிது. இணையத்தில் விற்கும் சிறு வணிகர் தன் பொருளைக் களஞ்சியத்தில் வைக்க மாதந்தோறும் வாடகை கட்டுகிறார். விற்காத பொருளுக்கு வாடகை ஏறிக்கொண்டே போகும். வேறு கண்டத்திலிருக்கும் அவருக்கு அதைத் திருப்பி எடுப்பதைவிட அழிக்கச் சொல்லிப் பணம் கட்டுவது மலிவு. 2019 ஜனவரியில் எம்6 தொலைக்காட்சி, அமேசானின் பிரெஞ்சுக் களஞ்சியத்தில் புதிய பொருட்கள் அப்படி அழிவதை மறைவான ஒளிப்படக் கருவியால் எடுத்துக் காட்டியது. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் அன்றைய பிரதமர் எதுவார் பிலிப், பிரான்ஸில் ஆண்டுக்கு 65 கோடி யூரோவுக்கு மேற்பட்ட உணவல்லாத புதிய பொருட்கள் அழிக்கப்படுகின்றன என்று சொல்லித் தடையை அறிவித்தார்.

உணவுக்கான சட்டம் அதற்கு முன்பே வந்துவிட்டது. பாரிசை அடுத்த குர்ப்வுவா நகரசபை உறுப்பினர் அராஷ் தெராம்பார்ஷ், மாணவப் பருவத்தில் தான் பசியோடு இருந்ததைச் சொல்லியே, கடைகளின் மிச்சத்தைக் கொடுக்க வேண்டும் என்று கையெழுத்து இயக்கம் நடத்தினார். பாராளுமன்றத்தில் அதை முன்னெடுத்தவர் முன்னாள் அமைச்சர் கியோம் காரோ. முதல் முறை, 2015 கோடையில், வேறொரு சட்டத்துக்குள் அந்தப் பிரிவைச் செருகியது நடைமுறைத் தவறு என்று அரசியலமைப்புச் சபை அதை நீக்கிவிட்டது. மீண்டும் கொண்டுவந்து, இரு அவைகளிலும் எதிர்ப்பு வாக்கில்லாமல் நிறைவேறி, 2016 பெப்ரவரி 11ஆம் திகதி சட்டமானது. 400 சதுர மீற்றருக்கு மேற்பட்ட கடைகள் ஒரு தொண்டுச் சங்கத்தோடு ஒப்பந்தம் எழுத வேண்டும். உண்ணக்கூடிய உணவை வேண்டுமென்றே பழுதாக்கினால் 3,750 யூரோ தண்டம். தொகை பெரிதன்று. 2020இன் சட்டம்தான் அதைக் கடையின் விற்பனையில் ஆயிரத்தில் ஒரு பங்குவரை உயர்த்தியது. ஆனாலும் அந்தச் சிறிய தண்டமே எங்கள் பின்முற்றத்தை மாற்றிய விதத்தை நான் கண்ணால் கண்டேன். அப்போது நான் காசாளர் பிரிவுக்கு மாறியிருந்தேன். ஒரு திங்கட்கிழமை ஜாவெல் பெட்டி காணாமற் போனது. குளிர் அறையின் ஒரு மூலையில் நீல நிற நாடா ஒட்டி, அதற்குள் இருப்பவற்றை யாரும் தொடக்கூடாது, சங்கத்துக்குரியவை என்று எழுதி வைத்தார்கள். முகாமையாளரின் வேலைப் பட்டியலில் கொடுப்பதும் ஒரு வேலையாக ஏறிவிட்டது. அதற்கு முன் அவர் கொடுத்திருந்தால் ஏன் நேரத்தை வீணாக்கினாய் என்று மேலிடம் கேட்டிருக்கும். அதற்குப் பின் கொடுக்காவிட்டால் கேட்கும். மனிதர் மாறவில்லை, கேள்வி மாறியது.

உணவல்லாத புதிய பொருட்களை அழிப்பதற்கான தடை 2020 பெப்ரவரி 10ஆம் திகதியின் சட்டத்தில் எழுதப்பட்டு, 2022 ஜனவரியிலிருந்து படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. கொடுக்க வேண்டும், திருத்தி மீண்டும் பயன்படுத்த வேண்டும், அதுவும் இயலாவிட்டால் மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும். ஐரோப்பாவில் சந்தைக்கு வரும் துணிப் பொருட்களில் 4 முதல் 9 விழுக்காடு ஒருமுறையும் உடுக்கப்படாமலே அழிகின்றன என்று ஐரோப்பியச் சுற்றுச்சூழல் முகமை 2024இல் கணித்திருக்கிறது. விற்காத உடுப்பையும் சப்பாத்தையும் பெரிய நிறுவனங்கள் அழிப்பதற்கு ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமாக எழுதப்பட்ட தடையின் தொடக்கத் திகதி 2026 ஜூலை 19.

சட்டம் வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். நான் இப்போது செவ்வாய்க்கிழமைகளில் ஓர் உணவுப் பங்கீட்டுச் சங்கத்தில் வேலை செய்கிறேன், சம்பளமில்லாத வேலை. எங்கள் வண்டி காலை ஏழரை மணிக்கு மூன்று கடைகளுக்குப் போய்வரும். ஒப்பந்தம் எழுத வேண்டும் என்று சொன்ன சட்டம் எத்தனை கிலோ கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பெயருக்கு ஒப்பந்தம் வைத்துக்கொண்டு வாரத்துக்கு இரண்டு பெட்டி பாண் மட்டும் தருகிற கடையும் அந்த மூன்றில் ஒன்று. எல்லைத் திகதிக்குக் குறைந்தது 48 மணி நேரம் இருக்க வேண்டும் என்று பின்னர் விதி வந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை மாலை எடுத்த கோழியைத் திங்கட்கிழமை பங்கிடும் சிறு சங்கத்துக்கு 48 மணி நேரம் போதாது. கடைகள் இப்போது மிச்சத்தைப் பாதி விலைக்கு விற்கவும் கற்றுக்கொண்டுவிட்டன. கைப்பேசிச் செயலிகள் வழியாக மாலையில் பை பையாக விற்கிறார்கள். குப்பைக்குப் போகாமல் யாரோ ஒருவரின் மேசைக்குப் போவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் பைக்குக் கொடுக்க நான்கு யூரோவும் இல்லாதவர்களின் வரிசைதான் எங்கள் வாசலில் நிற்பது; எங்களுக்கு வரும் பெட்டிகளில் நல்லவை குறைந்து வருகின்றன.

என்னைக் கோபப்படுத்துவது வேறொன்று. சில பெட்டிகளைத் திறந்தால் மேலே நல்ல கத்தரிக்காய், கீழே நீர்விட்ட இலைக்கறியும் பூஞ்சணம் பிடித்த திராட்சைப்பழமும். பிரிக்கும் வேலையை யாரும் செய்யவில்லை. பூபெல்லுக்குப் போகவேண்டியது எங்கள் வண்டியில் ஏறியிருக்கிறது. அதன் எடையும் கொடுத்த கணக்கில் சேர்ந்திருக்கும். அதற்கும் 60 விழுக்காடு கழிந்திருக்கும். குப்பை அள்ளும் காசை மட்டும் சங்கம் கட்டும். எழுபது வயதுக்கு மேற்பட்ட மூன்று பிரெஞ்சுப் பெண்களும் நானும் குளிர்ந்த நீரில் கையை விட்டு அதைப் பிரிக்கிறோம். கடை தன் நாற்பது நிமிடத்தை எங்களிடம் இறக்கிவிட்டுப் போகிறது. தானத்துக்கு வரிச்சலுகை கொடுக்கும் அரசு, அந்தப் பெட்டி பிரிக்கப்பட்டதா என்று பார்ப்பதற்கும் ஆட்களை வைக்க வேண்டும் என்று நான் கேட்கிறேன். கடையில் அந்த வேலைக்கு நேரம் ஒதுக்கி, சம்பளமும் கொடுக்க வேண்டும்.

அது முடியாத காரியமன்று. எங்கள் மூன்று கடைகளில் ஒன்று அப்படிச் செய்கிறது. போன மாதம் அங்கிருந்து வந்த பெட்டியில் ஒரு தோடம்பழ வலைப்பை இருந்தது. யாரோ ஓர் ஊழியர் அதை வெட்டி, கெட்ட பழத்தை எடுத்துவிட்டு, மீதி ஏழையும் உள்ளே விட்டு, வாயைச் சணல் நூலால் முடிந்து அனுப்பியிருந்தார். அந்த முடிச்சுக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். நான் அதை அவிழ்க்காமல் அப்படியே முன்மேசையில் வைத்தேன். வரிசையில் மூன்றாவதாக நின்ற பெண் எடுத்துக்கொண்டு போனார்.